செற்றருக்கு விரல் சரியில்லை

அந்த வசந்தகாலம் முழுக்க அத்தானின் வான் வண்டிக்குள் ஒரேயொரு வழக்குத்தான் நடந்தது. எங்கள் நகர அணியின் அமெரிக்கனைத் தொடர்ந்து விளையாட விடுவதா, இல்லை ஆட்டத்துக்கு வெளியே வாங்கில் இருத்துவதா? பிராங்பேர்ட்டில் அப்போது, தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டி மோதி விளையாடும் அமெரிக்க ஃபுட்போல் அணி ஒன்று இருந்தது. வசந்தத்தில் தொடங்கி, வெயில் ஏறமுன் அவர்களுடைய ஆட்டங்கள் முடிந்துவிடும். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். வான் அவருடையது, ஓட்டுவதும் அவர், ஆகவே நீதிபதியும் அவரே. அமெரிக்கனுக்காக வாதாடியவன் நான் ஒருவன்தான். அதுவும் சும்மா இல்லை, கழுத்து நரம்பு புடைக்க வாதாடினேன்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு சொல்லால் வந்த வினை. அத்தான் வேலை செய்த பேக்கரியின் முதலாளி ஒருநாள், 'ஃபுட்போல்' பார்க்க ரிக்கற் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். ஜெர்மன்காரருக்குக் காலால் உதைப்பது 'ஃபுஸ்பால்'. ஆங்கிலத்தில் 'ஃபுட்போல்' என்று சொன்னால் அது அமெரிக்கர்களுடையது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு, காட்டுக்குள் இருக்கிற அந்தப் பெரிய அரங்குக்கு நேரத்தோடேயே போய் உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்கி ஒருவன் பந்தைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு ஓடியதும் அத்தான் துள்ளி எழுந்து, "ஹாண்ட் போல்! ஹாண்ட் போல்!" என்று கத்தினார். சுற்றியிருந்த ஜெர்மன்காரர்கள் முதலில் பயந்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தான் விடாப்பிடியான மனிதர். இவ்வளவு பேர் சிரித்த விளையாட்டை விளங்கிக்கொள்ளாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்.

விளங்கவைத்தவர் சென்னைத் தம்பி. அத்தானின் மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தவர், ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அதற்கு முன் கொஞ்சக்காலம் அமெரிக்காவில் இருந்தவர் என்பதால் இந்த விளையாட்டின் சட்டதிட்டமெல்லாம் அவருக்கு அத்துபடி. நடுவில் நின்று பந்தை வாங்கி, யாருக்குக் கொடுப்பது என்று ஒரு கணத்தில் முடிவெடுத்து எறிகிறானே, அவனுக்குப் பெயர் 'குவாட்டர்பேக்' என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சென்னையில் குவாட்டர் என்றால் வேறு சாமானாம். அத்தானுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

"உது எங்கடை செற்றர்தானே!" என்றார்.

அவர் சொன்னது கரப்பந்தாட்டத்தை. எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் கரப்பந்து அணிக்குத் தலைவர் அத்தான். கரப்பந்தில் பந்து முதலில் செற்றரின் கைக்குத்தான் வரும். அவன் விரல் நுனியால் ஏந்தி, வலைக்கு மேலே எழுப்பிக் கொடுத்தால்தான் அடிக்கிறவன் அடிக்கலாம். அடிக்கிறவனுக்குக் கைதட்டு, செற்றருக்குத் திட்டு. அந்த வேலையை எங்கள் கழகத்தில் பல வருடமாகச் செய்துவந்தவன் நான். ஆகவே அன்றிலிருந்து எங்கள் வானுக்குள் அமெரிக்கனுக்கும் செற்றர் என்றே பெயர் நிலைத்தது. அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு தலையிடி தரப்போகிறது என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அந்த வருடம் வந்த அமெரிக்கன் நெட்டையான, செம்பட்டைத் தலைமயிர்ப் பொடியன். அமெரிக்காவில் ஏதோ பெரிய கழகத்தில் வாங்கில் இருந்தவனாம். இங்கே நன்றாக விளையாடிக் காட்டினால் திருப்பி எடுப்பார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று சென்னைத் தம்பி சொன்னார். அவன் எறிந்த பந்துகளில் பாதி ஆளில்லாத இடத்தில் விழுந்தன. மீதியில் கொஞ்சத்தை எதிரணிக்காரர்கள் வந்து, தங்களுக்கென்று எறிந்ததுபோலப் பிடித்துக்கொண்டு போனார்கள். அரங்கு முழுக்க விசிலடித்தது. ஜெர்மனியில் விசில் என்றால் 'ஒழிந்து போ' என்று அர்த்தம். அமெரிக்கனுக்கு அது தெரியாது. அவனுடைய ஊரில் விசில் பாராட்டு. அவன் கையை உயர்த்தி நன்றி சொன்னான். சென்னைத் தம்பிக்கும் விசில் என்றால் கொண்டாட்டம்தான். முதல் ஆட்டத்தில் அவரும் இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, மிகுந்த அன்போடு விசிலடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொடியன் உயர்த்திய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இருந்தது. அதற்கு முந்தின குளிர்காலத்தில் விமான நிலையத்தில், பயணப்பெட்டிகள் ஓடிவரும் பட்டியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, ஒரு பெட்டி சரிந்து என் வலது சுட்டுவிரலை நசுக்கிவிட்டது. எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் விரல் பழையபடி மடங்கவில்லை. செற்றருக்கு உயிரே அந்த விரலில்தான். பந்து என் கையிலிருந்து சுழன்றுகொண்டு போகத் தொடங்கியது. நான் வலதுபக்கம் கொடுக்க நினைத்தால் அது வலைக்குள் போய் விழும். கழகத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோடையில் எல்லா நகரத்துத் தமிழ்க் கழகங்களும் கூடுகிற சுற்றுப்போட்டி வந்துகொண்டிருந்தது. செற்றராக நான்தான் நிற்பேனா என்பதைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் என்னை அரித்தது. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. எஸ்-பான் ரயிலில் இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போவேன். ஒரு ரென்னிஸ் பந்தைக் கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்து நாள் முழுக்கப் பிசைந்துகொண்டிருப்பேன்.

இந்த நிலைமையில் சனிக்கிழமைகளில் வானில் ஏறி உட்கார்ந்தால் காதுக்குள் விழுவது என்ன?

"செற்றர் சரிவராது," என்பார் அத்தான், கியரை மாற்றிக்கொண்டே. "மனிசன் நல்லவன். ஆனா பந்து போகேல்லை."

"யெஸ் அண்ணா, கான்ஃபிடன்ஸே இல்ல அவருக்கு," என்பார் சென்னைத் தம்பி. "எத்தனை சான்ஸ் கொடுக்கிறது? டீம் தானே முக்கியம்?"

"ரெண்டு ஆட்டம் சரியில்லையெண்டால் ஆளைத் தூக்கி எறியிறதோ?" என்று நான் பின்னாலிருந்து பாய்வேன். "பாக்கிறவைக்கு என்ன, லேசு! பந்து வாற வேகம் தெரியுமே உங்களுக்கு?"

"ஏன் நீ இவ்வளவு கொதிக்கிறாய்? அவன் உன்ரை ஒண்டைவிட்ட தம்பியோ?"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் யன்னலுக்கு வெளியே பார்ப்பேன். அவர்கள் அமெரிக்கனைத்தான் சொல்கிறார்களா, அமெரிக்கனைச் சொல்லி என்னைச் சொல்கிறார்களா என்று தெரியாமல் எனக்கு விசர் பிடிக்கும். ஜாடையாகப் பேசுவதில் எங்கள் ஆட்களை மிஞ்ச உலகத்தில் ஆள் கிடையாது. மகளைத் திட்டி மருமகளுக்கு உறைக்கவைக்கிற சனம் நாங்கள். வானுக்குள் ஒரு சொல் விழுந்தால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு கிழமை முழுக்கத் திரிவேன்.

என்னிடம் ஒரு வாதம் இருந்தது. அமெரிக்கனுக்கு விரலில் ஏதோ கோளாறு என்பதுதான் அது. அவன் ஒவ்வொரு எறிக்குப் பிறகும் வலது கையை உதறினான். உதறிவிட்டு இடுப்பில் கட்டியிருந்த துணிப் பைக்குள் கையை நுழைத்துக்கொண்டான். நல்ல வெயில் நாளிலும் அப்படித்தான். பந்து அவன் கையை விட்டுப் போகும்போது வால் ஆடுவதை நான் கண்டேன். அது எப்படிப்பட்ட ஆட்டம் என்று எனக்குத் தெரியாதா?

"அவனுக்கு விரல் சரியில்லை," என்றேன்.

"அந்த பவுச் எல்லா குவாட்டர்பேக்கும் கட்டுவாங்க அண்ணா. கை சூடா இருக்கணும்ல."

"விரல்தான்."

"இவனுக்கு ஆரைப் பாத்தாலும் விரல்தான்," என்று அத்தான் சொன்னார். வான் குலுங்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யார் எதில் பிழைவிட்டாலும், அக்கா கறிக்கு உப்பைக் கூட்டிப் போட்டாலும்கூட, 'விரல் சரியில்லை' என்பது பகிடியாகிவிட்டது.

சிரிக்காதவர் ஒருவர் வானில் இருந்தார். வேலைக்காக அந்தக் குளிர்காலத்தில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து குடிவந்தவர். என்னைவிட நாலைந்து வயது குறைவு, மன்னார்ப் பக்கம். ஸ்டுட்கார்ட்டில் இருந்த தமிழ் அணிக்கு அவர்தான் செற்றராம். இதை அவர் வாயால் சொல்லவேயில்லை, ஊர்ச்சனம் சொல்லித்தான் அறிந்தேன். எங்கள் கழகத்தில் சேர்ந்து, பின்வரிசையில் எங்கே நிற்கச் சொன்னாலும் நின்றார். ஒருமுறை பயிற்சியில் பந்து தவறி அவர் தலைக்கு மேலே வந்தது. இரண்டு கையையும் தூக்கி அவர் அதைக் கொடுத்த கொடுப்பு இருக்கிறதே! பந்து சுழலவேயில்லை. அதில் அச்சடித்திருந்த எழுத்தை வாசிக்கலாம் போலிருந்தது. அடிக்கிறவன் அடித்துவிட்டு, நான் நிற்கிறேன் என்பதை மறந்து, "ஆகா!" என்றான். ஸ்டுட்கார்ட்காரர் மட்டும், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, உங்கடை பந்து," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மனிதர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! வானிலும் அப்படித்தான். அமெரிக்கனைப் பற்றிக் கேட்டால், "எனக்கு உந்த விளையாட்டு விளங்கேல்லை," என்று தப்பிவிடுவார்.

சுற்றுப்போட்டிக்குப் பேர் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் பயிற்சி முடித்து வெளியே வந்தவன், விரலுக்குச் சுற்றும் பிளாஸ்ரரை உடைமாற்றும் அறையில் மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனேன். கதவடியில் அத்தானும், அவரைக் கூட்டிப்போக வந்த சென்னைத் தம்பியும் நின்றார்கள். என்னை அவர்கள் காணவில்லை.

"இனி ஏலாது," என்றார் அத்தான். "செற்றரை இருத்தத்தான் வேணும். எனக்கும் கவலைதான். ஆனா என்ன செய்யிறது, புது ஆளை இறக்கிப் பாக்கவேணும்."

"லேட் பண்ணாம செய்யணும் அண்ணா. சீசனே போயிடும்," என்றார் சென்னைத் தம்பி.

நான் பிளாஸ்ரரை எடுக்கவில்லை. வந்த வழியே திரும்பினேன். இத்தனை வருடம் அந்த மனிதருக்குப் பந்து தூக்கிக் கொடுத்தவன் நான். சொந்த மச்சான். முகத்துக்கு நேரே சொல்ல முதுகெலும்பு இல்லை, மேல்வீட்டுக்காரரோடு கதவடியில் நின்று முடிவெடுக்கிறார்! அவர் சொல்லும்வரை காத்திருப்பேன் என்று நினைத்தாரா? என்னைத் தெரியாது அவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் என் ஜேர்சியைத் தோய்த்தேன். காய்ந்ததும் ஸ்திரிக்கை போட்டேன். விளையாட்டுச் சட்டைக்கு ஸ்திரிக்கை போடுகிற ஒரே விசரன் நானாகத்தான் இருப்பேன். கழுத்துப் பட்டியைக்கூட நேராக்கி, நான்காக மடித்துப் பையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து கோவில் வாசலில் அக்காவைக் கண்டு, "இதை அத்தானிட்டைக் குடுங்கோ," என்றேன். அக்கா நான் ஏதோ பலகாரம் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து அப்படியே பையை முகர்ந்து பார்த்தாள். நான் நிற்கவில்லை.

பின்னேரம் அத்தான் ரெலிபோன் எடுத்தார். "இப்பவே வா," என்றார். உடனே வைத்துவிட்டார்.

குசினியில் அக்கா றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். மேசையில் பை இருந்தது. அத்தான் அதற்கு முன்னால் இருந்தார்.

"என்னடா இது?"

"ஜேர்சி."

"அது தெரியுது. எனக்கேன்?"

"நீங்கள் சொல்லி நான் குடுக்கிறதைவிட நானே தாறது நல்லதுதானே. செற்றரை இருத்தவேணும் எண்டு கதவடியிலை நிண்டு கதைச்சதைக் கேட்டனான். புது ஆளை இறக்கவேணுமாம். இறக்குங்கோ!"

அத்தான் என்னையே பார்த்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. "விசரா!" என்றார். "அட விசரா! அது அந்த அமெரிக்கனை! எங்கடை அணி தோத்துக்கொண்டெல்லோ போகுது! அதைத்தான் கதைச்சனாங்கள்!"

"அமெரிக்கனையோ?"

"பின்னை? நீ சொன்ன விரல் கதையையும் பேப்பரிலை போட்டிருக்கு, பார். டொக்டர்மார் சோதிச்சவையாம். கையிலை விரலிலை ஒரு பிழையும் இல்லையாம். அவனிட்டை உள்ளதே அவ்வளவுதானாம்!"

அக்கா அகப்பையோடு திரும்பி நின்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனதுபோல, மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். அமெரிக்கனைத்தான்! ஒரு ஜாடையும் இல்லை! இத்தனை வாரமும் நானே கயிற்றைப் பாம்பாக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

சிரித்து முடிந்தது. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா றோல்ஸைப் புரட்டினாள். இனி அத்தான் பையை என் பக்கம் தள்ளி, "கொண்டு போ, நேரத்தோடை ட்ரெயினிங்குக்கு வா," என்று சொல்லவேண்டும். நான் அதற்காகக் காத்திருந்தேன்.

அவர் தள்ளவில்லை. கை பையின் மேலே இருந்தது. பையின் விளிம்பை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"விரல் இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

அந்தக் குரலில் பகிடி இல்லை. குளிர்காலத்திலிருந்து அவர் என்னிடம் இப்படிக் கேட்டதேயில்லை. கேட்டால் பதில் வரும் என்று அவருக்கும் பயம் இருந்திருக்கிறது.

"டொக்டர் மடங்காது எண்டிட்டார்," என்றேன். அதுவரைக்கும் நான் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அக்கா அடுப்பை நிற்பாட்டினாள். அத்தான், "நான் உன்னட்டை எப்பிடி..." என்று தொடங்கி, அதோடு நிறுத்திவிட்டார். பேக்கரியில் எத்தனை பேரை மேய்க்கிற மனிதர், ஒரு வசனத்தை முடிக்கத் தெரியாமல் திணறினார். எனக்கு அழுகை வந்தது. அவரைப் பிடித்து உலுப்பவேண்டும் போலவும் வந்தது. ஜாடை பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, அதோடு சண்டை பிடித்திருக்கலாம். இது ஒன்றுமே பேசாமல் காத்திருந்த அன்பு. இதோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

"சரி விடுங்கோ அத்தான்," என்றேன்.

அவர் எழுந்து பையை எடுத்து ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தார். அக்கா தட்டில் றோல்ஸ் வைத்தாள். சுடச்சுடத் தின்று வாயைச் சுட்டுக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை வானில் ஏறினேன். போகாமல் விட்டால் கோபம் என்று நினைப்பார்கள். ஸ்டுட்கார்ட்காரர் வழமைபோல எனக்குப் பக்கத்தில். செய்தி அவருக்கும் போயிருந்தது. மடியில் கைகளை ஒன்றுக்குள் ஒன்று ஒளித்து வைத்திருந்தார். அத்தான் வானைக் கிளப்பினார். வழக்குத் தொடங்கும் என்று பார்த்தால் அப்படியே கப்சிப். சென்னைத் தம்பி, மழை வரும்போல இருக்கிறது என்றார். அத்தான், ஓம், முகில் கறுத்திருக்கு என்றார். பிறகு ஓட்டோபான் நெடுஞ்சாலையில் வேலை நடப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. செற்றர் என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கவில்லை. என் காதுக்காக இரண்டு பெரிய மனிதர்கள் முகிலைப் பற்றிக் கதைக்கிறார்கள்! விசிலடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பொக்கற்றுக்குள் ரென்னிஸ் பந்தைத் தேடினேன், அதை வீட்டிலே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"என்ன, எல்லாரும் செத்தவீட்டுக்கோ போறியள்?" என்று கேட்டேன்.

அத்தான் கியரை மாற்றினார்.

"செற்றரை என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை?"

அத்தான் வீதியையே பார்த்தார். சென்னைத் தம்பி தொண்டையைச் செருமினார். ஸ்டுட்கார்ட்காரரின் காது சிவந்துவிட்டது.

"அப்ப நான் சொல்லுறன்," என்றேன். "இருத்தத்தான் வேணும். புது ஆளை இறக்கட்டும். புது ஆள் நல்லா விளையாடுவான்."

சென்னைத் தம்பி முன்னிருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார். "நீங்களா அண்ணா சொல்றீங்க?"

"ஓம். ஆனா அவனிலை பிழையில்லை. அவனுக்கு விரல் சரியில்லை."

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வான் அரங்கின் பக்கம் திரும்புகிற சந்தியில், சிவப்பு விளக்கில் நின்றது. அத்தான் பின்பார்வைக் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். பத்திரிகையை வாசித்தவர் அவர்தான்.

"ஓம்," என்றார். "விரல்தான்."